உள்ளொளியும் பொது உண்மையும்

‘மதத்தில் எமக்கு நம்பிக்கையில்லை, ஆன்மிகத்தில் நம்பிக்கையுண்டு’ என்று கூறுவோர் நம் மத்தியிற் பெருகி வருகின்றனர். கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்கள், குருமாரை மதியாதவர்கள், சடங்குகளைக் கண்டு சலித்தவர்கள் பலர் இவ்வாறு கூறக் கேட்கிறோம். இன்னுஞ் சிலர் ஒருபடி மேற்சென்று, தமக்கென்று ஓர் அறியும் முறை உண்டென்றும், நூலுக்கும் தருக்கத்துக்கும் எட்டாததைத் தம் உள்ளம் அறிகிறதென்றும் உரைப்பர். ஆசிரியர் கூடும் அறையிலோ மாணவர் விடுதியிலோ இப்பேச்சு எழுந்தால், முற்போக்காளர் என்று தம்மைக் கருதுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வர். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று கூறி எழுந்து போவர். அல்லது, பிறரது அந்தரங்க நம்பிக்கையில் நமக்கென்ன வேலை என்று மௌனஞ் சாதிப்பர். இரண்டும் சோம்பலின் பாற்பட்டவை என்பதே நமது எண்ணம்.

மதம் ஓர் ஏற்பாடு. அதற்குக் கட்டிடமுண்டு, காணியுண்டு, தர்மகர்த்தா உண்டு, எந்தத் திருவிழா யாருடைய உபயம் என்னும் கணக்குண்டு, யார் எந்த வாசல் வரை வரலாம் என்னும் விதியுமுண்டு. ஆன்மிகம் என்பதோ, மனிதன் தன்னினும் பெரிதான ஒன்றன் முன் தன்னை நிறுத்திப் பார்க்கும் மனநிலை. அதற்குக் காணியுமில்லை, உறுதியுமில்லை. இவையிரண்டும் ஒன்றல்ல என்பதற்குச் சித்தர்களே போதிய சான்று. கோயிலையும் சாதியையும் அவர்கள் ஏளனஞ் செய்த அளவுக்கு நம்மிற் பலர் இன்றும் செய்யத் துணியோம். ஆகவே மதமும் ஆன்மிகமும் வேறு என்போர் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் மூன்றாவதாகச் சொன்னோமே, தன்னறிவு, அது வேறு இனத்தைச் சேர்ந்தது. முதலிரண்டும் எவ்வாறு வாழ்வது என்பது பற்றியவை. மூன்றாவது எது உண்மை என்பது பற்றியது. எவ்வாறு வாழ்வது என்பதில் ‘உமக்கு அது, எமக்கு இது’ என்று விலகி நிற்கலாம். எது உண்மை என்பதில் அவ்வாறு நிற்க முடியுமா?

இவ்விடயத்தில் நம் பழைய தருக்க நூலார் நம்மைவிடக் கவனமாக இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறியப்படும் பொருளைப் பற்றிப் பேசுவதோடு அமையாது, அறியும் கருவியைப் பற்றியும் பேசுகிறது. அளவை எனப்படும் அப்பகுதி காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் ஏற்றுக்கொண்டு, அவற்றுட் காண்டலை மீண்டும் நான்காக வகுக்கிறது. வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்பன அவை. கண்ணாகிய வாயிலால் நெருப்பைக் காண்பது முதலாவது. கண்டதை இன்னதென்று மனம் நிச்சயிப்பது இரண்டாவது. சுட்டபோது எழும் நோவைத் தானே உணர்வது மூன்றாவது. இருந்த இடத்திலிருந்தே தூரத்தையும் காலத்தையும் ஊடுருவிக் காண்பதாகச் சொல்லப்படுவது நான்காவது. ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பௌத்த தருக்கவாதி தர்மகீர்த்தியிடத்தும் பெயரளவிலேனும் இதே நான்கு வகை காணப்படுகிறது. பரபக்கத்திலே பௌத்தரை மறுக்கப் பல பாடல்களைச் செலவிட்ட நூல், அறிவின் வகைகளைக் கூறுமிடத்து அவர்களோடு ஒரே பாயில் அமர்கிறது. இச்செய்தியைச் சமய பாடம் கற்பிக்கும் நண்பர்கள் மாணவருக்குச் சொல்வதுண்டோ, நாம் அறியோம்.

நாம் சித்தாந்திகள் அல்லர். யோகக் காட்சியை ஓர் அளவையாக ஏற்கவும் நாம் ஆயத்தமாயில்லை. ஆயினும் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே அவர்கள் கீறிய கோடு மிகவும் பயனுள்ளது. ‘எனக்குத் தலையிடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு அவரே சாட்சி. பொய் சொல்கிறார் என்று நாம் சந்தேகிக்கலாமேயன்றி, ‘இல்லை, உமக்கு இடிக்கவில்லை’ என்று அவரினும் மேலாக அறிந்தவராய்ப் பேச முடியாது. ஆனால் அவரே, ‘அயல்வீட்டுக்காரியின் நாவூறு பட்டுத்தான் தலையிடிக்கிறது, என் உள்ளம் அப்படிச் சொல்கிறது’ என்று தொடர்ந்தால், அவர் தம் தலைக்குள்ளிருந்து வெளியே வந்து வேலியையும் தாண்டிவிட்டார். இப்பொழுது அந்த அயல்வீட்டுக்காரிக்கும் பேச உரிமையுண்டு. முதல் வாக்கியத்துக்கு இருந்த அதிகாரம் இரண்டாம் வாக்கியத்துக்கு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு வருவதால், முதலாவதன் அதிகாரத்தை இரண்டாவது இரவல் பெற்றுக்கொள்கிறது. மதம், ஆன்மிகம், தன்னறிவு என்பன பற்றிய குழப்பங்களிற் பெரும்பகுதி இந்த இரவலினால் விளைந்தது என்பது நமது துணிபு.

அயல்வீட்டுத் தலையிடியைச் சிரித்து விட்டுவிடலாம். அதே இரவலை மிகப் பெரிய மனிதர் ஒருவர் செய்த சந்தர்ப்பம் உண்டு. அதனைச் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் வட பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. முங்கேர், முசாபர்பூர் முதலிய நகரங்கள் இடிந்து குவியலாயின. வயல்களின் நடுவே நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. பீகாரில் மாத்திரம் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நேபாளத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளிற் காந்தியடிகள் தீண்டாமைக்கெதிரான நெடும்பயணமொன்றில் ஈடுபட்டிருந்தார். பயணம் அப்பொழுது தமிழகத்தை அடைந்திருந்தது. ஜனவரி 24ஆம் திகதி திருநெல்வேலியிற் கூடிய மக்களிடம், பீகார் மக்களுக்கு உதவுமாறு கேட்டுக்கொண்ட அவர், இப்பேரழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாகவுங் கூறினார்.

கூறிய இடத்தையும் கேட்ட கூட்டத்தையும் நாம் மறத்தலாகாது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் பெருங்கோயில்களின் வாசல்கள் அன்று தாழ்த்தப்பட்டோருக்கு மூடியே இருந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயில் அவர்களுக்குத் திறந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான். இத்தகைய ஊரில் நின்று, தீண்டாமை பாவம் என்று சொல்வதற்கே நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரம் அவரிடம் இருந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அவரை அழைத்து வரவேற்ற நம் வாலிபர் காங்கிரஸ் தலைமுறை அவரிடம் கண்டதும் இந்த நெஞ்சுரத்தையே.

பத்திரிகைச் செய்தியைக் கண்ட இரவீந்திரநாத் தாகூர் அதிர்ந்து போனார். தீண்டாமை ஒழிப்பில் அவர் காந்தியடிகளுக்கு எதிர்க்கட்சியல்லர். ஆகவேதான் அவர் எழுதிய மறுப்பு முக்கியத்துவம் பெறுகிறது. செய்தி மெய்யாயின் வெளியிடுமாறு கேட்டு அம்மறுப்பை அவர் காந்தியடிகளுக்கே அனுப்பினார். இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. மனிதரின் பாவங்கள் எத்துணைப் பெரியனவாயினும் பூமியின் கட்டுக்கோப்பைத் தகர்க்கும் வலிமை அவற்றுக்கில்லை. குழந்தைகளையும் ஏழைகளையும் கொன்று, தூரத்தில் வாழும் குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்டும் கடவுள் மனிதரினும் ஒழுக்கத்தில் தாழ்ந்தவராகிறார். இவையெல்லாவற்றினும் கூர்மையான வாதம் ஒன்றையும் தாகூர் எடுத்துவைத்தார். இவ்வாறு காரணங் கற்பிப்பது காந்தியடிகளின் எதிரிகளுக்கே நன்கு பொருந்தும் என்றார். சனாதனிகள் எழுந்து, ‘தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்ட இவரது அதர்மத்தினாலேயே பூமி நடுங்கிற்று’ என்று சொன்னால் அதற்கு மறுமொழி யாது?

காந்தியடிகள் தாகூரின் மறுப்பையும் தமது பதிலையும் 1934 பெப்ரவரி 16ஆம் திகதி தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலே வெளியிட்டார். பதில் நேர்மையானது. இறைவனின் நியதிகள் தமக்கு முழுமையாய்த் தெரியாவென்றும், இத்தொடர்பைத் தம்மால் நிரூபிக்க இயலாதென்றும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அது தமக்கு உயிருள்ள நம்பிக்கை என்றார். அந்நம்பிக்கை தவறென்றே பின்னர் தெரியவந்தாலும், அதனால் தாமும் தம்மோடு நம்புவோரும் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டப்பட்டிருப்போமாகையால் நன்மையே விளைந்திருக்கும் என்றும் வாதித்தார்.

இவ்விறுதி வாதத்தைச் சற்றே உற்று நோக்குக. ஒரு நம்பிக்கை நல்ல செயலுக்குத் தூண்டுமாயின் அது பொய்யாயினும் குற்றமில்லை என்பதே இதன் சாரம். இவ்வாதம் பாதிரியாருக்கும் குருக்களுக்கும் பிக்குவுக்கும் நன்கு பழகியதுதான். ‘நரகம் இருக்கிறதோ இல்லையோ, அதற்குப் பயந்தாவது மனிதர் திருந்தட்டும்’ என்று நம் பெரியோர் கூறுவதும் இதுவே. ஓராண்டுக்கு முன்னர், 1933 மே மாதம் 8ஆம் திகதி, இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்தை அவர் தொடங்கியபோது, தம் உள்ளத்தில் ஒலித்த குரலொன்றின் கட்டளையினாலேயே தொடங்குவதாகச் சொன்னார். அது மனமயக்கமாய் இருக்கலாகாதா என்று கேட்டவர்களிடம், ஐயுறுவோரை ஒப்பச் செய்யத் தம்மிடம் சான்று இல்லையென்றும், உலகமே ஒன்றுகூடி மறுத்தாலும் தம் உறுதி அசையாதென்றும் விடை பகர்ந்தார். அதனை நாம் குறை கூற மாட்டோம். பட்டினி கிடந்தது அவருடைய வயிறு. தம் உடலைப் பற்றித் தம் உள்ளம் இட்ட கட்டளையைத் தாம் நிறைவேற்றினார். (பிறர் மீது அத்தகைய விரதம் செலுத்தும் நெருக்குதல் வேறொரு கேள்வி, 1932இல் பூனாவில் அம்பேத்கருக்கு அது நன்கு புரிந்திருந்தது.) 1934இல் நிகழ்ந்ததோ வேறு. உள்ளத்து உறுதி, பீகார் மண்ணின் அடியில் நடந்தது என்ன என்பது பற்றி வாய் திறந்துவிட்டது.

பீகார் மண்ணின் அடியில் நடந்தது என்ன? இந்தியத் துணைக்கண்டத்தைத் தாங்கிய பாறைத் தகடு வடக்கு நோக்கி நகர்ந்து, ஆசியாவைத் தாங்கிய தகட்டின் கீழ் நுழைகிறது. இமயத்தின் அடிவாரத்தில் இந்நெருக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்றிமீற்றர். நூற்றாண்டுக் கணக்கிற் சேர்ந்த இறுக்கம் ஒருநாள் சில நிமிடங்களில் அவிழ்கிறது. கங்கைச் சமவெளியின் நீர் தோய்ந்த வண்டல், அதிர்ச்சியிற் குழம்பு போல் இளகிவிடுவதால் கட்டிடங்கள் சரிகின்றன. இவ்விளக்கத்தைப் புவிச்சரிதவியலார் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1960களிலேதான். ஆகவே தாகூருக்கும் காரணம் தெரியாது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது, எவ்வகையான காரணத்தைத் தேட வேண்டும் என்பதே. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டுவைக்க அவர் ஆயத்தமாயிருந்தார். காந்தியடிகள் அவ்விடத்தைத் தம் நெஞ்சிலிருந்த நியாயமான கோபத்தால் நிரப்பினார். விஞ்ஞானத்தை நேசிப்போர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் தாகூரிடம் கற்க வேண்டியது பூமியதிர்ச்சியைப் பற்றியதன்று; காத்திருப்பதைப் பற்றியது.

இவ்வளவோடு நிறுத்தி, தாகூர் வென்றார், காந்தி தோற்றார் என்று தீர்ப்பெழுதினால் நமது வாசகர்களுட் பலருக்கு மகிழ்ச்சியாயிருக்கும். நமக்கு அம்மகிழ்ச்சி முழுமையாக இல்லை. தீண்டாமை கொடியது என்பதை நிறுவுவதற்குப் பூமியதிர்ச்சி எதற்கு? இக்கேள்வியை இருவரும் கேட்டிருக்க வேண்டிய அளவுக்குக் கேட்கவில்லை என்பது நமது மனக்குறை. அக்கொடுமைக்குச் சாட்சி ஏற்கனவே இருந்தது. மேலே சித்தியாரிற் கண்ட மூன்றாவது காட்சி அது. கிணற்றடியிற் குடத்தோடு நின்று, யாரேனும் மனமிரங்கி வார்க்கும்வரை காத்திருந்தவள் அறிந்தது. பிள்ளையைப் பாடசாலைத் தரையில் இருத்திவிட்டு வந்த தகப்பன் அறிந்தது. அது அந்தரங்க அறிவுதான். ஆயினும் அது வேலி தாண்டிப் பிறரைக் குற்றஞ் சாட்டும்போது நாவூற்றைத் தேட வேண்டியதில்லை. குடம் அங்கேயே இருக்கிறது; கிணறும் அங்கேயே இருக்கிறது; தடுத்தவனும் அங்கேயே நிற்கிறான். யாரும் போய்ப் பார்க்கலாம்.

1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மகாத் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவ்தார் குளத்தின் நீரை அள்ளிக் குடித்தார். பொதுக் குளம் அது. கால்நடைகள் குடிக்கத் தடையில்லை. அவர்கள் கலைந்து போனபின் சாதிமான்கள் குடம் குடமாகப் பஞ்சகவ்வியத்தை ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தி’ செய்தனர். இங்கு எதிரெதிரே நிற்பவை இரண்டு அறிவுகள். குளத்து நீர் தீட்டுப்பட்டது என்பது ஒன்று. அந்நீரைக் கண்ணாற் பார்த்தும் அறிய முடியாது, நாவாற் சுவைத்தும் அறிய முடியாது, ஆய்வுகூடத்திற் சோதித்தும் அறிய முடியாது. ஆயினும் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றனர். தாகம் என்பது மற்றது. அதனை ஒவ்வொருவரும் தன்னுள் மாத்திரமே அறிய முடியும். ஆயினும் தாகமெடுத்த எவரும் பிறருடைய தாகத்தை நம்பத் தயங்குவதில்லை. பொதுவுலகைப் பற்றிய கூற்று எவ்விதச் சோதனைக்கும் உட்படாமலே பொதுவுலகை ஆளுகிறது. சோதனைக்கு இடந்தரும் துன்பமோ அந்தரங்கமானது என்று தள்ளப்படுகிறது. மதம் ஏற்பாடாக இறுகும்போது நிகழ்வது இதுவே. குளம் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது 1937இல். பத்தாண்டு சென்றது.

நம் வீட்டுக் கதையும் இதனின் வேறன்று. இலங்கையிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. பதினோராண்டு கழித்து, 1968இல், தாழ்த்தப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் நுழைய முயன்று வாசலிற் சத்தியாக்கிரகஞ் செய்தபோது அவர்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சுந்தரலிங்கம். கொழும்பிலே கணிதப் பேராசிரியராயிருந்தவர். மந்திரிப் பதவி வகித்தவர். தேற்றமொன்று நிறுவப்படாமல் ஏற்கப்படலாகாது என்று மாணவருக்குப் பலகாலம் கற்பித்த ஒருவர், நிறுவ முடியாத தீட்டொன்றைக் காக்க வாசலில் நின்றார். படிப்பு வளர மூடநம்பிக்கை தேயும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. அவருக்கு அறியும் முறை தெரியாமலில்லை. அம்முறையைக் கோயில் வாசல்வரை கொண்டுவர அவர் விரும்பவில்லை, அவ்வளவே. காந்தியடிகளோ பூமியதிர்ச்சியைத் தவறாக விளங்கிக்கொண்டு மனிதரைச் சரியாக விளங்கிக்கொண்டார். இருவரில் ஒருவரைத் தெரிந்தெடு என்றால் நாம் தயங்க மாட்டோம். ஆனால் அவ்வாறு தெரிந்தெடுக்க வேண்டிய நிலையே ஒரு சமூகத்தின் வறுமையைக் காட்டுகிறது.

நமது பக்கத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது முறை. 1948 ஆகஸ்டில் மொஸ்கோவிற் கூடிய விவசாய விஞ்ஞான மகாநாட்டிலே, லிசென்கோவின் கொள்கையே சரியானதென்றும் மரபியல் பிற்போக்கானதென்றும் முடிவாயிற்று. கட்சியின் மத்திய குழு தம் பக்கம் என்று லிசென்கோ அங்கு அறிவித்ததன் பின் விவாதம் ஏது? உலகெங்குஞ் சென்று பயிர் விதைகளைச் சேகரித்த வவிலோவ், அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1943 ஜனவரியில், சரத்தோவ் சிறையில் இறந்துவிட்டார். கோதுமை எவ்வாறு மரபுப் பண்பைப் பெறுகிறது என்பதைக் கோதுமையிடம் கேளாமல் மேடையிடம் கேட்டனர். அங்கே கடவுள் இல்லை, பூசகர் இல்லை, ஆன்மிகம் என்ற சொல்லே நகைப்புக்குரியது. எனினும் நடந்தது சவ்தார் குளத்தில் நடந்ததுதான். இதனை எதிரிகள் சொல்லிக் காட்டுமுன் நாமே நம் மாணவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பலர் சொல்லவில்லை.

‘அப்படியாயின், விஞ்ஞானி சோதித்து முத்திரையிட்டதை மாத்திரமே அறிவென்று கொள்ள வேண்டுமா? பாட்டன் பாட்டி சொன்னதெல்லாம் குப்பையா?’ என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் கடலோரமே போதும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, நம் கடிகாரப்படி ஏழு மணியளவில், சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் பிளந்தது. நம் கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. கிழக்கிலே ஊர்கள் அழிந்து நெடுநேரங் கழிந்த பின்னரும், தென்கரையோரமாகச் சென்ற புகைவண்டியொன்று பெரலியவில் அலையிற் சிக்கியது. அதில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். பின்வந்த வாரங்களில் நாம் கேட்ட பேச்சுகள் வாசகருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு மதத்திலும் சிலர், கடல் பொங்கியது பாவத்தினால் என்றனர். பாவம் எப்போதும் அடுத்தவருடையதாயிருந்தது. எழுபதாண்டுக்கு முன் தாகூர் எச்சரித்தது அவ்வாறே நடந்தேறிற்று. பாவம் என்று பேசியவர்கள் பேசாது விட்டது ஒன்றுண்டு. பசிபிக் சமுத்திரத்துக்கு 1965இலேயே சர்வதேச எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு 2004இல் ஒன்றுமேயில்லை. அந்த இரண்டு மணி நேரம் நம்மிடம் இருந்தது. அதை நமக்கு அறிவிக்க எவருமில்லை. செல்வந்த நாடுகளின் கரைகளுக்கு இருந்த காவல், வறிய மக்கள் கடலை நம்பி வாழ்ந்த கரைகளுக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி. அக்கேள்வியைத்தான் பாவக்கதை மூடி மறைத்தது.

அதே காலையில், பூமியதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகே, சிமெயுலுவே என்னும் தீவிலே ஏறத்தாழ எழுபத்தெண்ணாயிரம் மக்கள் இருந்தனர். அவர்களுக்கு இரண்டு மணி நேரமில்லை. பத்து நிமிடமளவே இருந்தது. கருவியுமில்லை, எச்சரிக்கைச் செய்தியுமில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு சொல்: ‘ஸ்மோங்’. 1907ஆம் ஆண்டிலே அத்தீவிற் பேரலை வந்து பெருந்தொகையானோரைக் கொண்டு சென்றது. தப்பியவர்கள் கண்டதைப் பேரருக்குச் சொன்னார்கள். தாலாட்டிலும் கதையிலும் அது நின்றது. நம் நூலார் உரை என்று மூன்றாவது அளவையாக வைத்தார்களே, ஏறக்குறைய அத்தகையது. ஆனால் இறைவன் அருளிய ஆகமமாய் அது வரவில்லை. கண்டவர் வாயிலிருந்து வந்தது. அவ்வுரை கடல் ஏன் பொங்குகிறது என்று காரணங் கூறவில்லை. யாருடைய பாவம் என்று கேட்கவில்லை. நம்பியவருக்கு ஒரு வழியும் நம்பாதவருக்கு வேறொரு வழியும் வகுக்கவில்லை. நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், பொருளைத் தேடாதே, மலைக்கு ஓடு என்றது. யாரும் தாமே நின்று பார்க்கக்கூடிய இரண்டு அடையாளங்கள். யாரும் செய்யக்கூடிய ஒரு செயல். அம்மக்கள் பெரும்பாலும் இஸ்லாமியர், பக்தியுள்ளவர்கள். அவர்களுடைய பக்தி அவ்வுரைக்குக் குறுக்கே நிற்கவில்லை. அவ்வுரையும் பக்தியின் பெயரைக் கடன் கேட்கவில்லை.

நிலம் அதிர்ந்து நின்றதும், கிழவர்கள் ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்று கூவினர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டு நிலத்துக்கு ஓடினர். கரையோரத்து ஊர்கள் பல அழிந்தன. இறந்தவர்கள் ஏழு பேர்.